மூலை இல்லாத டீப்பாய்

"மூலை இருக்கவே கூடாது தம்பி. கண்ணாடியும் வேண்டாம்."

ராஜபாளையம் பர்னிச்சர் கடைக்குள் கால் வைத்ததும் சுந்தரம்மாள் இதைத்தான் சொன்னாள். கூட வந்த முத்தாத்தாளுக்கு உள்ளம் குளிர்ந்துபோனது. ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறும்போது, "நானும் சும்மாதான இருக்கேன்" என்று தொற்றிக்கொண்டவள் அவள். எதிர்வீடு. சுந்தரம்மாள் குடும்பம் அந்தத் தெருவுக்குக் குடிவந்து நாலு மாதம்தான். அதற்குள் அவர்கள் வீட்டு கேஸ் சிலிண்டர் எத்தனை நாள் வரும் என்பதுகூட முத்தாத்தாளுக்கு அத்துபடி.

"பச்சப்பிள்ளை வார வீடுன்னு வெவரமாச் சொல்லுங்க மதினி" என்றவள், கடைக்காரர் இம்ரான் பக்கம் திரும்பினாள். "இவிய மருமக மூணு மாசமா தேவதானத்துல, அம்மா வீட்ல. போறன்னைக்குத் தலையோட துண்டச் சுத்திக்கிட்டு கார்ல ஏறினா. பிள்ளைத்தாச்சிக்குக் காத்து படக் கூடாதுல்ல? வளைகாப்புக்கும் எனக்குச் சொல்லல, பேர் வைக்கவும் கூப்பிடல. இருக்கட்டும்."

சுந்தரம்மாள் அதைக் காதில் வாங்கவில்லை. "இன்னைக்குச் சாயந்தரம் வாரா தம்பி. அதுக்குள்ள டீப்பாய் வீட்ல இருக்கணும். ஹாலப் பாத்துட்டுத்தான் பொண்ண விட்டுட்டுப் போவேன்னு சம்பந்தியம்மா கண்டிசனாச் சொல்லிட்டாக."

இம்ரான் உற்சாகமாகி வட்டமான இரும்பு டீப்பாய் ஒன்றை இழுத்து வந்தார்.

"புது மாடல்மா. ஹாலை எப்படி வேணா மாத்திக்கலாம். பகல்ல சோபா முன்னாடி, ராத்திரி ஓரமா வச்சுட்டுப் பாய் விரிச்சுக்கலாம். வெயிட்டே இல்ல. ஒத்தக் கையில தூக்கலாம்!"

சொன்னதோடு நிற்காமல் தலைக்கு மேலே தூக்கியும் காட்டினார்.

சுந்தரம்மாள் இரண்டடி பின்வாங்கினாள். "கீழ வைங்க... மொதல்ல கீழ வைங்க தம்பி."

"பயந்த குடும்பம்" என்று முத்தாத்தாள் விளக்கம் கொடுத்தாள். "இவிய மகன் தங்கப்பாண்டியனும் அதிர்ந்து பேசாத பய. அவன் டி.வி. சத்தந்தான் தெருமுனை வரைக்கும் கேக்கும். மருமக போனதுல இருந்து அதையும் காணோம். பொண்டாட்டி இல்லாம படம் பாக்க மனசு வரல போல!"

"கனமானதா ஒண்ணு இல்லையா தம்பி?" என்றாள் சுந்தரம்மாள்.

இரண்டு வருடமாக யாரும் சீண்டாமல் மூலையில் கிடந்த ஒன்றைக் காட்டினார் இம்ரான். கெட்டி இரும்பு, கிணற்று மூடி மாதிரி. "இத நகத்தவே முடியாதேம்மா. அடியில எப்படிப் பெருக்குவீங்க?"

"அத நான் பாத்துக்கிடுதேன்."

சுந்தரம்மாள் கடையைச் சுற்றிப் பார்த்தாள். வாசலில் சுமை இறக்கிக்கொண்டிருந்த பால்ச்சாமி கண்ணில் பட்டான். ஆறடி ஆள்.

"ஏப்பா, எம் மகனும் உன்னைய மாதிரிதான் இருப்பான். இத ஒத்தையில தூக்கு, பாப்போம்."

பால்ச்சாமி துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு குனிந்தான். முகம் சிவந்தது. டீப்பாய் அசையவில்லை.

"இன்னும் செத்த கோவமாத் தூக்கு."

"கோவமாவா?" என்று சிரித்தபடியே பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தான். ம்ஹூம். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்துவிட்டான்.

சுந்தரம்மாள் முகத்தில் அப்போதுதான் சிரிப்பு வந்தது. "இதையே வண்டியில ஏத்துங்க."

முத்தாத்தாளுக்குப் பொறுக்கவில்லை. "என்ன மதினி நீங்க? பிள்ளைக்கு முட்டிரக் கூடாதுன்னு வட்டமா வாங்குதீக, அது சரி. ஆம்பளையே தூக்க முடியாத இந்த இரும்பு எதுக்கு?"

"பிள்ளை ஏது மதினி?" சுந்தரம்மாள் டீப்பாயின் விளிம்பைச் சுற்றி ஒருமுறை விரலை ஓட்டிப் பார்த்துக்கொண்டாள். "பழைய டீப்பாய்க்கு நாலு மூலை. அன்னைக்கு எம் மகன் டி.வி. சத்தத்தக் கூட்டி வச்சுட்டு, அதத் தூக்கித்தான் அவ தலையில அடிச்சான். பதினாலு தையல்."