மூழ்கத் தெரிந்தவர்

நீச்சல் குளத்தின் ஆழமான பக்கத்தில் லிஃப்ட் மெக்கானிக் மறுபடியும் மூழ்கினார். இரண்டு கையையும் தூக்கி, வாயைப் பிளந்து, கண்ணை உருட்டி மூழ்கினார்.

"காலை அடிங்க சார், காலை அடிங்க" என்று பயிற்சி கொடுக்கும் பெண் நீளக் கழியோடு கரையில் ஓடி வந்தாள். அவள் கழியை நீட்டுவதற்குள் தையல்காரம்மா அவர் தாடையைப் பிடித்துத் தூக்கி, ஓரத்துக் கம்பியில் கொண்டுவந்து சேர்த்துவிட்டார். இத்தனை நாளாக அந்தக் கம்பியை விட்டு நகராத அம்மா. பதற்றத்தில் மனிதருக்கு எங்கிருந்துதான் தைரியம் வருமோ.

"போன தடவையும் இதே இடம். அடியில புதையல் ஏதாவது பார்த்து வெச்சிருக்கீங்களா?" என்று தபால்காரர் கேட்டார். வகுப்பே சிரித்தது. மெக்கானிக்கும் இருமிக்கொண்டே சிரித்தார்.

அந்த இருமல் பொய். ஒரு சொட்டுத் தண்ணீர்கூட அவர் வாய்க்குள் போகவில்லை. வேலையில் இருந்த காலத்தில் கம்பெனிக்காக நீச்சல் போட்டியில் கோப்பை வாங்கிக் கொடுத்த மனிதர். வயது அறுபத்தைந்தைத் தாண்டியும் இந்தக் குளமெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை.

மனைவி போன பிறகு, முட்டிவலிக்கு நல்லது என்று டாக்டர் சொன்னதால் முதலில் பொது நேரத்தில்தான் நீந்த வந்தார். அங்கே ஆளுக்கொரு தடம், ஆளுக்கொரு கண்ணாடி, எல்லார் தலையும் தண்ணீருக்குள். மாதக்கணக்கில் வந்தும் ஒருவர்கூட "என்ன சார், சௌக்கியமா?" என்று கேட்கவில்லை.

வீட்டுக்குப் போனாலும் அதே கதைதான். வெளியூரில் இருக்கும் மகன் எப்போதாவது கூப்பிட்டால், பேசும் பழக்கம் விட்டுப்போன தொண்டை முதல் வார்த்தைக்குக் கரகரக்கும். "என்னப்பா, சளியா?" என்பான். "ஆமாப்பா, கொஞ்சம் சளி" என்று சொல்லிவைப்பார். வேறு என்னத்தைச் சொல்வது?

ஒருநாள் நேரம் மாறி வந்துவிட்டார். அறுபது தாண்டியவர்களுக்கான தொடக்க வகுப்பு நடந்துகொண்டிருந்தது. ஐந்து பேர் கம்பியைப் பிடித்துக்கொண்டு காலை உதைத்து, ஒருவர் முகத்தில் ஒருவர் தண்ணீரை வாரி அடித்து, சின்னப் பிள்ளைகள் மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார்கள். "புதுசா சேர வந்தீங்களா சார்?" என்று பயிற்சிப் பெண் கேட்டாள். யோசிப்பதற்குள் வாய் "ஆமாம்மா" என்று சொல்லிவிட்டது.

அன்றிலிருந்து மூழ்குகிறார். குளத்தின் அகலத்தைத் துணையில்லாமல் கடந்தால் தேர்ச்சி. தேறிவிட்டால் மறுபடியும் பொது நேரம்தான். அதனால் தேர்வு வைக்கும்போதெல்லாம் பாதி வழியில் மனிதர் காணாமல் போய்விடுவார். மற்றவர்களுக்கு அந்தப் பாதி வழிகூட வரவில்லை.

வகுப்பு முடிந்தால் வெளிப் பெஞ்சில் டீ. தையல்காரம்மா ஃபிளாஸ்க்கில் கொண்டுவருவார். எந்தத் தெருவில் எந்த நாய் தன்னைத் துரத்தியது என்று தபால்காரர் அளந்துவிடுவார். மெக்கானிக்கும் லிஃப்டில் மாட்டிக்கொண்ட கல்யாண மாப்பிள்ளை கதையைச் சொல்வார். அந்தப் பெஞ்சுக்காக அவர் இன்னும் எத்தனை தடவை வேண்டுமானாலும் மூழ்கத் தயார்.

இன்று டீயை ஊற்றும்போதே பயிற்சிப் பெண் வந்து நின்றாள். முகம் சரியில்லை.

"ஒரு விஷயம் சொல்லணும். இதுவரைக்கும் ஒருத்தர்கூட தேறலையேன்னு ஆபீஸ்ல கேக்கறாங்க. இந்த வயசுக்கு மேல வராது, நேரத்தை வேற யாருக்காவது குடுத்துடலாம்ங்கறாங்க. ஒருத்தராவது அகலத்தைக் கடந்திருந்தா அதைக் காட்டிப் பேசியிருப்பேன். இப்ப இதுதான் கடைசி வகுப்பு."

தபால்காரர் டம்ளரைக் கீழே வைத்தார். டீ ஆறிப்போனது.

மெக்கானிக் எழுந்து குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஷவரைத் திறந்துவிட்டு அதன் கீழே நின்று அழுதார். கடைசி வகுப்பு என்றால் நாளையிலிருந்து மறுபடியும் சளிதான்.

ஆனால் அழுது முடித்தபோது வேறொன்று உறைத்தது. தான் தேறினால் வகுப்பு பிழைக்கும். தான் மட்டும்தான் போக வேண்டியிருக்கும். தையல்காரம்மா இன்றைக்குத்தான் முதன்முதலாகக் கம்பியை விட்டிருக்கிறார். இந்த நேரத்திலா வகுப்பை மூடுவது? தலையைக்கூடத் துவட்டாமல் கிளம்பினார்.

பெஞ்ச் காலியாக இருந்தது. பயிற்சிப் பெண்ணின் அறையிலிருந்து தையல்காரம்மா மட்டும் கண் சிவந்து வெளியே வந்தார். இவரை நிமிர்ந்து பார்க்காமல் விறுவிறுவென்று போய்விட்டார். விடைபெற வந்திருப்பார், பாவம்.

"உக்காருங்க சார்" என்றாள் பயிற்சிப் பெண்.

அவர் உட்காரவில்லை. "கோவப்படாம கேளும்மா. எனக்கு நீச்சல் நல்லாவே தெரியும். இத்தனை நாளும் வேணும்னேதான் மூழ்கினேன். வீட்டுல பேச ஒரு ஆள் கிடையாதும்மா, அதான்."

அவள் கையிலிருந்த பேனாவை மூடி வைத்தாள்.

"வா, இப்பவே நீந்திக் காட்டறேன். நான் தேறிட்டேன்னு ஆபீஸ்ல சொல்லிடு. நான் பொது நேரத்துக்கே போயிடறேன். வகுப்பை மட்டும் மூட விட்டுடாதே. மத்தவங்க எல்லாம் பாவம்மா, நிஜமாவே நீச்சல் தெரியாம கத்துக்க வந்தவங்க."

அவள் முகத்தில் வந்தது சிரிப்பா அழுகையா என்று அவருக்குப் புரியவில்லை.

"மத்த அஞ்சு பேரும் இதையேதான் சார் சொல்லிட்டுப் போனாங்க."