இரண்டாவது நாக்கு

மூஸ் மானின் நாக்கு வெட்டுப் பலகைக்கு வெளியே ஒரு சாண் நீண்டு கிடந்தது. நிரஞ்சனி கத்தியை எடுத்தாள். எந்தப் பக்கம் தொடங்குவது என்று தெரியவில்லை.

பக்கத்து வீட்டு றேஜான் சட்டைக் கையை மடித்துக்கொண்டு அவளருகே நின்றார். எழுபது வயதிலும் ஒவ்வொரு ஒக்டோபரும் கூட்டாளிகளோடு வடக்கே காட்டுக்குப் போய் மூஸ் சுடுகிற மனிதர். சுட்டவருக்கே நாக்கு என்பது அவர்கள் வழக்கம். அதை அவர் மனைவிக்குக் கொண்டுவந்து கொடுப்பார். மனைவி போய்ச் சேர்ந்தபின், போன வருடம், ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து நிரஞ்சனிக்குக் கொடுத்தார்.

மனைவி படுக்கையில் கிடந்தபோது நிரஞ்சனி காய்ச்சிக் கொடுத்த சூப்பை அவர் மறக்கவில்லை.

நிரஞ்சனி மன்னாரில் பிறந்தவள். ஆடு, மாடு, பன்றி, திருக்கை என்று எதையும் ஒரு கை பார்ப்பாள். ஆனாலும் அன்று பெட்டியைத் திறந்து, சாம்பல் நிறத்தில் சொரசொரவென்று கிடந்ததைக் கண்டதும் மூடியைப் படாரென்று மூடினாள். பெட்டியோடு கறுப்புப் பையில் போட்டு, இரண்டு முடிச்சுப் போட்டு, குப்பைக்கு வைத்துவிட்டாள்.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் வந்த பாத்திரத்துக்குப் பதில் போகாமல் இருக்கலாமா? புதுப் பெட்டி வாங்கி, நிறையப் பயற்றம் பணியாரம் அடுக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தாள். பழைய பெட்டி அடுப்பில் உருகிவிட்டது என்றாள். நாக்குக் கறியோ தேவாமிர்தம் என்றாள்.

பொய் சொன்ன வாய்க்குப் போசனம் கிடைக்காது என்பார்கள். அவளுக்கோ இரண்டாவது நாக்கே வந்துவிட்டது.

இந்த முறை சேர்ந்து சமைப்போம் என்று பிரெஞ்சில் சொல்லிக்கொண்டே உள்ளே வந்த றேஜான், தானே பெட்டியைத் திறந்து நாக்கைக் கழுவிப் பலகையில் வைத்தார்.

குளியலறைக்குள் ஒளிந்து நின்று, டோர்வல் விமான நிலையத்தில் வேலையில் இருந்த கணவன் அருமைநாதனுக்குப் போன் எடுத்தாள்.

"தேவாமிர்தம் எண்டு புளுகினது நீர்தானே? இப்ப நீரே சமாளியும்" என்று அவர் வைத்துவிட்டார்.

வேறு வழியில்லை. ஆட்டிறைச்சியைப் போலத் துண்டு போடுவோம் என்று கத்தியை அழுத்தினாள். மேல்தோல் செருப்புத் தோலாய் எதிர்த்து நின்றது. இன்னும் அழுத்தினாள். கத்தி வழுக்கியது.

றேஜான் மெல்ல அவள் கையிலிருந்து கத்தியை வாங்கி வைத்தார்.

நாக்கை முழுதாகப் பானையில் இட்டு, வெங்காயமும் கராம்பும் உப்பும் போட்டு, மூன்று மணித்தியாலம் அவியவிட்டார். பிறகு சூட்டோடு சூடாகச் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் கத்தியை எடுத்து, அடியில் கீறி இழுத்தார். தடித்த தோல் குழந்தையின் காலுறை போல முழுதாகக் கழன்று வந்தது.

நிரஞ்சனிக்கு முகம் எரிந்தது. தோல் உரிக்கவேண்டும் என்பதே தெரியாதவள் போன வருடம் எதைச் சமைத்தாள்? இப்போது கேட்கப்போகிறார் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவர் கேட்கவில்லை. இனி உன் வேலை என்பதுபோல் அடுப்பைக் காட்டினார்.

ரம்பை இலையும் கறிவேப்பிலையும் தாளித்து, வறுத்த தூள் போட்டு, தேங்காய்ப்பால் விட்டு இறக்கினாள். அவர் மூக்கு ஒழுக ஒழுக இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டார். அவளும் ஒரு துண்டு வாயில் வைத்தாள்.

உண்மையிலேயே தேவாமிர்தம்தான். அதை நினைக்க இன்னும் வெட்கமாய் இருந்தது.

அவர் போனபின்தான் அவளுக்கு மூச்சு வந்தது. நல்ல காலம், மனிதர் அப்பாவி, ஒன்றையும் கவனிக்கவில்லை. அவர் விட்டுப்போன பெட்டியைக் கழுவ எடுத்தாள்.

மூடியில் ஒரு துண்டு டேப் ஒட்டியிருந்தது. அதில் அவர் கையெழுத்தில் அவளுடைய பெயர். பக்கத்தில் போன வருடத்தின் திகதி. ஓரத்தில், இரவில் வந்து குப்பைப் பைகளைக் கிழிக்கிற ரக்கூனின் பல் அடையாளங்கள்.

அடுப்பில் உருகிப்போன பெட்டி.

தண்ணீர்க் குழாயை மூட மறந்து நின்றாள். போன வருடம் அந்தக் குப்பை போய் இரண்டு கிழமையில் முதல் பனி விழுந்தது. அன்றிலிருந்து ஏப்ரல் வரை, அவள் எழும்புமுன் அவளுடைய வாசல் பனியைத் தள்ளிவிட்டுப் போனவர் அவர்தான்.