தட்டு முழுக்க வெளிச்சம்

"ஏங்க, புத்தக அலமாரிக்கு எதுக்கு இத்தனை லைட்டு? நகைக்கடையா வைக்கப்போறீங்க?"

நாற்காலியில் உட்கார்ந்தபடியே மனைவி கிண்டலடித்தாள்.

"கண்ணு மங்கிக்கிட்டே வருது, வெளிச்சம் இருந்தா படிச்சிடுவேன்னு நீதானே சொன்னே?"

தானே அறுத்துச் செய்த அலமாரியின் கடைசித் தட்டிலும் எல்.இ.டி. பட்டையை ஒட்டி, வயரை முறுக்கி, டேப் சுற்றினார் கணவர்.

"இப்பப் பாரு!"

ஸ்விட்ச் 'டக்'கென்றது.

"அடேங்கப்பா! கண்ணு கூசுதுங்க. இனிமே ராத்திரி பகலாப் படிப்பேன்!" என்று கைதட்டினாள்.

அவர் அலமாரியையே பார்த்தார். அவசரத்தில் ப்ளஸ் வயரையும் மைனஸ் வயரையும் மாற்றி இணைத்திருந்தார். ஒரு விளக்குகூட எரியவில்லை.

"பிடிச்சிருக்கா?" என்று கேட்டார்.

"ரொம்ப. போதும், அணைச்சிடுங்க. கரண்டு வீணாப் போகுது."

எரியாத விளக்கை அவர் அணைத்தார்.