முப்பத்திரண்டாம் தட்டு

"அறுபது இருந்துச்சு. இப்ப அம்பத்தொம்பதுதான் இருக்கு. எங்க போச்சு ஒண்ணு?"

கிருமி டீச்சர் போட்ட சத்தத்தில் சமுதாயக் கூடத்து வாட்ச்மேன் எழுந்தே நின்றுவிட்டார்.

பள்ளியில் உயிரியல் நடத்தும் டீச்சருக்கு இந்தத் தெரு வைத்த பெயர் அது. அவள் நடத்தும் கண்காட்சிக்காக ஒவ்வொருவரும் தெருக்கோடி மரத்தைத் தடவிவிட்டு, ஜெல்லி ஊற்றிய கண்ணாடித் தட்டில் கையைப் பதிக்க வேண்டும். நாலே நாளில் மரத்துக் கிருமியும் மனுஷக் கிருமியும் கலந்து, கை வடிவத்திலேயே வெள்ளையும் மஞ்சளுமாகப் பூத்துவிடும். முதலில் முகம் சுளித்த தெரு, பிறகு வரிசையில் நின்று அறுபது தட்டில் கை பதித்தது. விடிந்தால் கண்காட்சி.

"எலக்ட்ரீஷியன்தான் டீச்சர். லைட் மாட்டிட்டுப் போறப்போ பைக்குள்ள என்னமோ வெச்சாரு" என்றார் வாட்ச்மேன்.

டீச்சருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அதே வேகத்தில் மூன்று மாடி ஏறி எலக்ட்ரீஷியன் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"ஏங்க, தெருவே சேர்ந்து செஞ்சது அது. கேட்டு வாங்கறது வேற, திருடறது வேற. கொஞ்சமாவது நேர்மை வேணாமா?"

அவர் உள்ளே நடந்தார். பிரிட்ஜைத் திறந்தார். பால் பாக்கெட்டுக்குப் பக்கத்தில், துண்டில் சுற்றிய தட்டு.

"அடக் கடவுளே! சாப்பிடற பொருளோடவா வெப்பாங்க?"

"குளிர்ல வெச்சா ரொம்ப நாள் சாகாதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

"அதுக்கு?"

"கண்காட்சி முடிஞ்சதும் பிளீச்சிங் ஊத்தி எல்லாத்தையும் கொன்னுடுவோம்னும் சொன்னீங்க."

"ஆமா. அதான் முறை."

"இது என் சம்சாரத்தோட கை, டீச்சர்."

"அப்ப அவங்களே வந்து கேக்கலாமே?"

"கை பதிச்ச அன்னிக்கு நல்லாத்தான் இருந்தா. புதன்கிழமை நெஞ்சு வலிக்குதுன்னா. ஆஸ்பத்திரி போய்ச் சேரல."

டீச்சர் பக்கத்துத் தெருக்காரி. விஷயம் அவள் காதுக்கு எட்டியிருக்கவில்லை. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

அவர் துண்டைப் பிரித்தார். மூடிமேல் முப்பத்திரண்டு என்று எழுதியிருந்தது.

"அவகிட்டேர்ந்து உயிரோட மிச்சம் இருக்கிறது இது ஒண்ணுதான். இதையும் கொல்ல மனசு வரல."

கண்ணாடிமேல் விரலை வைத்து, உள்ளே பூத்திருந்த ஒவ்வொரு விரலாகத் தடவினார்.

"சுண்டு விரலைப் பாருங்க, எப்படி வளைஞ்சிருக்குன்னு. பதினேழு வருஷம் இந்தக் கையாலதான் சாப்பிட்டேன். ஒருநாள்கூட இதைக் கவனிக்கலையே, பாவி நான்!"

தோள் குலுங்க அழுதார். 

"நீங்களே வெச்சுக்குங்க. மூடியை மட்டும் திறந்துடாதீங்க" என்று டீச்சர் எழுந்தாள்.

"நல்லா இருக்கணும் நீங்க" என்று அவர் கும்பிட்டார்.

பதிலுக்குக் கும்பிட டீச்சருக்குக் கை வரவில்லை. வலது கையைப் பைக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு படியிறங்கினாள்.

கை பதித்த அன்றைக்கே முப்பத்திரண்டாம் தட்டைக் கைதவறிப் போட்டு உடைத்துவிட்டு, அந்த அம்மாவை மறுபடி அழைத்துவர மூன்று மாடி ஏறச் சோம்பல்பட்டு, புதுத் தட்டில் அதே நம்பரை எழுதி, வளைந்த சுண்டு விரலோடு தன் கையையே பதித்து வைத்தவள் அவள்தான்.