முகம் தெரியாத புண்ணியவான்கள்

"நூத்துக்கு அஞ்சு கமிஷனா? பகல் கொள்ளையா இருக்கே!" காஷியர் சார் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

"சார், கத்தறது கத்தறீங்க, அந்த வாளியைக் கொஞ்சம் நகர்த்திட்டுக் கத்துங்க. சொட்டு கரடி மேல விழுது," என்றாள் தையல்காரம்மா.

அது பொம்மை நூலகம். புத்தகம் மாதிரி பொம்மையை இரவல் கொடுப்பார்கள். வாங்கித்தர வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகள் வாரம் ஒரு பொம்மை எடுத்துப்போவார்கள். காது கிழிந்து திரும்பும் முயலுக்கும் வயிறு பிரிந்து வரும் கரடிக்கும் அவள்தான் தையல் போடுவாள். பாங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற காஷியர் பொருளாளர். போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கும் அவள் கொழுந்தன் செயலாளர். கமிட்டி என்றால் மொத்தமே இவ்வளவுதான்.

இப்போது தகரக் கூரை சல்லடையாகிவிட்டது. பெருமழைக்குள் மாற்றாவிட்டால் நூலகத்தை இழுத்துப் பூட்ட வேண்டியதுதான். கட்டடச் சொந்தக்காரர் கையை விரித்துவிட்டார். தெரிந்தவர்களோ இவர்களைக் கண்டாலே எதிர்ச்சாரிக்குத் தாவ ஆரம்பித்திருந்தார்கள். மிச்சமிருந்த ஒரே வழி, இணையத்தில் நிதி கேட்பது. எந்த சைட்டில் கேட்பது என்பதில்தான் இந்த ரகளை.

"அண்ணி, கேளுங்க." கொழுந்தன் லேப்டாப்பைத் திருப்பினான். "முதல் சைட்டுல கமிஷன் கிடையாது. ஆனா கொடுக்க வர்றவங்ககிட்ட, 'அப்படியே எங்களுக்கும் ஏதாவது போடுங்க'ன்னு கையை நீட்டுவான். ரெண்டாவது சைட்காரன், வர்ற பணத்தை வச்சிருந்து ரெண்டு மாசம் கழிச்சுத்தான் தருவான்."

"அதுக்குள்ள கரடிக்கு நீச்சலே வந்துடும். அடுத்தது சொல்லு தம்பி."

"மூணாவதுல கமிஷன் உண்டு. ஆனா அங்க தினம் ஜனங்க வந்து, யாருக்குக் கொடுக்கலாம்னு தேடித்தேடிப் பாக்கறாங்க. நாம யாரையும் கூப்பிட வேணாம். கடையை விரிச்சா கூட்டம் தானா வரும்."

காஷியர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே உட்கார்ந்தார். "சரி, தொலையட்டும். யாரோ ஊர் பேர் தெரியாதவன் கொடுக்கறதுலதானே எடுக்கறான்? நம்ம கைக்காசா போகுது?"

நூலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. எந்தப் பொம்மையையும் கமிட்டியார் மூவரும் விளையாடிப் பார்க்காமல் பிள்ளைகளிடம் கொடுக்க மாட்டார்கள். அதற்காகவே காஷியர் ஒருநாள் முழுக்கப் பம்பரம் விட்டிருக்கிறார். அந்த வழக்கப்படியே கொழுந்தன் நிதி கேட்கும் பேஜைத் தயார் செய்து, முதலில் சோதித்துப் பார்க்க மூவருக்கும் லிங்க் அனுப்பினான். மூவரும் அமுக்கிப் பார்த்தார்கள், ஜோராக இருக்கிறது என்றார்கள், வேலை முடிந்தது.

ஆனால் நாள் போனதே தவிர, பேஜில் ஒரு ஈ காக்கா எட்டிப் பார்க்கவில்லை.

தையல்காரம்மாவுக்குத் தாங்கவில்லை. காலிக் கடையில் எவன் நுழைவான்? முதல் போணி ஆகிவிட்டால் மற்றது தானாக வரும் என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டாள். தையல் மெஷினுக்கு மோட்டார் வாங்க வைத்திருந்த பணத்தை அப்படியே எடுத்து, 'கடல் கடந்த சகோதரி' என்று பெயர் போட்டு அனுப்பிவிட்டாள். திருட்டுத்தனம்தான். ஆனாலும் காலால் மிதிக்கிற மெஷின் இத்தனை நாள் ஓடவில்லையா என்ன?

அவள் போணி ராசியோ என்னவோ, மறுநாளே 'கப்பல் கேப்டன்' என்று ஒருவர் கொடுத்தார். அப்புறம் 'பெயர் வேண்டாம்'. மறுபடி கேப்டன். அவளும் சும்மா இருப்பாளா? சகோதரி இன்னொரு தடவை கொடுத்தாள். கூரை மாற்ற மேஸ்திரி கேட்ட தொகை சேர்ந்தே விட்டது!

புதுக் கூரை போட்ட அன்று மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. உள்ளே ஒரு சொட்டு இல்லை. காலி வாளியைப் பார்த்ததும் அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

காஷியர் தொப்பலாக நனைந்து வந்து சேர்ந்தார்.

"ஏன் சார் நடந்து வர்றீங்க? ஸ்கூட்டர் என்னாச்சு?"

"அது... சர்வீஸுக்கு விட்டிருக்கேன்மா. நடந்தா உடம்புக்கு நல்லதுதானே?" சட்டென்று கொழுந்தன் பக்கம் திரும்பினார். "ஏம்ப்பா, உன் புது லென்ஸ் வந்துச்சா?"

"வரும் சார், வரும். என்ன அவசரம்?" அவன் லேப்டாப்புக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். "அதை விடுங்க. இந்தப் 'பெயர் வேண்டாம்' ஆளைப் பாருங்க அண்ணி. கமிஷன் போக நமக்கு முழுத்தொகை வர்ற மாதிரி, கமிஷனையும் சேத்துக் கணக்குப் போட்டு அனுப்பியிருக்கான்!"

"நல்லா இருக்கட்டும் மகராசன்," என்றாள் அவள் மனதார.

"விவரமான ஆளா இருப்பான்," என்று காஷியர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

"அந்த கேப்டன் மட்டும் என்னவாம், தங்கமான மனுஷன்! இருங்க, சைட்லேருந்து ஏதோ மெசேஜ் வந்திருக்கு." கொழுந்தன் உரக்கப் படித்தான். "'தங்கள் பக்கம் இன்னும் சோதனை நிலையிலேயே உள்ளது. நீங்கள் லிங்க் அனுப்பிய மூவரைத் தவிர, இதுவரை உலகில் வேறு யாரும் இதைப் பார்த்ததில்லை. பொதுமக்களுக்குத் திறக்க, கீழே உள்ள பட்டனை...'"

அவன் லேப்டாப்பைப் பட்டென்று மூடினான். மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கத் துணியாமல் புதுக் கூரையையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அடப்பாவிகளா!" காஷியர் தலையில் கை வைத்தார். "நம்ம காசை நாமளே போட்டுக்கறதுக்கா அவனுக்கு நூத்துக்கு அஞ்சு?"