சிலந்திக் கூடத்தில் பனி

பட்டுநூல் நூற்கும் சிலந்திகள் தவித்தால் மட்டும்தான் அந்தக் கூடத்தில் குளிர்காற்று வரும். வேலை செய்யும் பெண்கள் தவித்தால் வராது.

நிறைமாதச் செங்கமலம் வெக்கையில் தள்ளாடித் தரையில் சரிந்தாள். "எழிலிக்கா, கண்ண இருட்டுதுக்கா."

"படுடி. இப்ப குளிர்காத்த வரவைக்கிறேன்."

விலங்கியல் பட்டம் வாங்கிவிட்டு அங்கே பெட்டி துடைக்கும் எழிலி, ஒரு கண்ணாடிப் பெட்டியைப் பிடித்து உலுக்கினாள். மிரண்ட சிலந்தி தன் கால் ஒன்றையே உதறிப் போட்டது. சிலந்தி தவிப்பதைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தது. கூரையிலிருந்து வெண்பனி மெல்ல இறங்க, வலைகளெல்லாம் மினுங்கின. செங்கமலம் கண்மூடிச் சிரித்தாள். வயிற்றில் பிள்ளை புரண்டது.

சூப்பர்வைசர் பதறி ஓடி வந்தார். செங்கமலம் நீட்டியிருந்த கால்களைத் தாண்டிப்போய்ப் பெட்டிக்குள் குனிந்தார்.

"ஐயோ பாவம், வலிச்சிருக்குமே!"

எழிலி அடுத்த பெட்டியின்மேல் கை வைத்தாள்.