மருந்து போட்ட தட்டு

நுண்ணோக்கியில் கண்ணை வைத்ததுமே தம்பி சிரித்துவிட்டான்.

"அக்கா, நிக்க இடமில்லாம நெருக்கியடிச்சுக்கிட்டு நிக்கிறானுங்க. மருந்து வேலை செய்யுது, பாரு."

அவனுக்கு இருபத்தாறு வயது. ஆய்வுக்கூட வாசலில் காவலாளி அவனை, அங்கே வேலை பார்க்கும் அக்காவுக்கு அப்பா என்று நினைத்து நாற்காலி எடுத்துப் போட்டார். ஆமாம், அடங்காத பொண்ணு என்று அவனும் தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்தான். பல்லும் முடியும் போயும் குசும்பு மட்டும் போகவில்லை.

செல்லுக்குள் சர்டுயின் என்று ஒரு புரதக் குடும்பம் உண்டு. மொத்தம் ஏழு பேர். டிஎன்ஏ அறுந்தால் ஒட்டுப்போட ஆள் கூட்டுவது, அடங்காத மரபணுக்களை அடக்கி வைப்பது என்று எத்தனையோ வேலை அவர்கள் தலையில். தம்பிக்கு அதில் ஒருவர் பிறவியிலேயே படுத்துவிட்டார். அதனால்தான் இந்த வயதிலேயே அவனுக்குக் கிழடு தட்டிவிட்டது.

மற்றவர்களைத் தட்டி எழுப்பி அந்த வேலையையும் வாங்க முடியுமா என்று பார்க்கத்தான் இந்த மருந்து. அவன் தோலில் எடுத்த செல்கள் இதில் பிழைத்தால் அவனுக்கே கொடுத்துப் பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

மருந்து போடாத தட்டு காலி. போட்ட தட்டு நிரம்பிக் கிடந்தது. போன வாரம் அவளே வீட்டுக்குப் போன் போட்டுச் சொன்னாள். அம்மா பேச முடியாமல் அழுதாள்.

எதற்கும் இருக்கட்டும் என்று செய்த சோதனையின் முடிவு இன்று காலை வந்தது; தம்பியிடம் அவள் இன்னும் சொல்லவில்லை. அந்தத் தட்டில் இருந்த செல்களில் ஒன்றுகூட ஆணுடையது இல்லை.

ஒவ்வொருவர் செல்லுக்கும் தனித்தனி மருந்து பாட்டில் என்பது அங்கே பாலபாடம். மருந்து கிடைப்பதே குதிரைக் கொம்பு. அதனால் ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த நோயில்லாத செல்களுக்கும் தம்பியின் செல்களுக்கும் ஒரே பாட்டிலிலிருந்து ஊற்றினாள். ஏதோ அவசரத்தில், நோயில்லாத செல்களின் தட்டைத் தொட்ட உறிஞ்சுகுழாய் மறுபடி பாட்டிலுக்குள் போயிருக்கிறது. ஒட்டிக்கொண்டு தம்பியின் தட்டுக்கு வந்த நாலைந்து செல்கள், அவனுடையவை சாகச் சாக, விட்ட இடத்தையெல்லாம் பிடித்துக்கொண்டன.

மருந்து எதையும் காப்பாற்றவில்லை. மறுபடி முதலிலிருந்து தொடங்க அவனிடம் நாளும் இல்லை.

ஒப்பிட வைத்திருந்தவை அவள் கையிலிருந்து எடுத்த செல்கள். உயிரோடு இருப்பதே அவளுக்குக் கேவலமாக இருந்தது.

தம்பி கண்ணை எடுத்தான். தட்டின் மூடியை ஒரு விரலால் மெல்லத் தடவினான்.

"நல்லா இருங்கடா."